கிளாஸ்கோவில் ஒரு வெறுங்கால் வீரர்



கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர் ஆடினும், திடலின் இரு ஓரங்களிலும் ஆடும் இருவர்க்கு மட்டும் ஒரு தனி வாழ்வு உண்டு. ஆங்கிலத்தில் அவர்களை 'விங்கர்' என்பர். சிறகில் நிற்பவர் என்பது பொருள். நம் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கத்துப் பள்ளித் திடல்களில் 'ரைட் அவுட்', 'லெப்ட் அவுட்' என்னும் பெயர்களே நெடுங்காலம் வழங்கின. நடுவில் ஆடுபவனுக்கு நாற்புறமும் வெளி உண்டு. ஓரத்தில் ஆடுபவனுக்கோ ஒரு பக்கம் சுண்ணாம்புக் கோடு. அதைத் தாண்டினால் பந்து போயிற்று. வயல் வரப்பின்மேல் நாற்றுக் கட்டைச் சுமந்துகொண்டு ஓடுபவனைப்போல அந்தக் குறுகிய வழியிலேயே அவன் விரைய வேண்டும். எதிர்த்து வரும் காவலனை ஏய்க்க வேண்டும். அதன்பின் தானே கோல் போடும் ஆசையை அடக்கிக்கொண்டு, நடுவில் நிற்கும் தோழனுக்குப் பந்தை அளந்து அனுப்ப வேண்டும். உழைப்பு இவனுடையது, கைதட்டல் பெரும்பாலும் மற்றவனுடையது.

இத்தகைய ஓர ஆட்டக்காரர் ஒருவர், நம் நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில், காலில் பூட்ஸ் இல்லாமல், கடல் கடந்து சென்று, உலகப் புகழ் வாய்ந்த ஒரு கழகத்தின் சட்டையை அணிந்து ஆடினார். அவர் பெயர் முகமது சலீம். ஆண்டு 1936. இராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலுக்கு அடிகோலிய இராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்று சொன்னால், காலத்தை நீங்கள் மனத்தில் எளிதாகப் பொருத்திக் கொள்ளலாம். ஐரோப்பியக் கழகம் ஒன்றுக்காக ஆடிய முதல் இந்தியர் எனச் சலீமைக் குறிப்பது வழக்கம். அவர் ஏன் சென்றார் என்பது எளிய கேள்வி. ஏன் திரும்பி வந்தார் என்பதே கடினமான கேள்வி. இன்று அதைத்தான் சற்று ஆராயப் போகிறோம்.

சலீமின் ஊர் கல்கத்தா. அந்நகரின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில், மேட்டியாபுரூஸ் என்னும் பகுதி இருக்கிறது. அயோத்தி நாட்டின் கடைசி நவாபாகிய வாஜித் அலி ஷாவை ஆங்கிலேயர் 1856-இல் அரியணையிலிருந்து நீக்கியபோது, அவர் வந்து குடியேறிய இடம் அதுவே. பாட்டும் கூத்தும் பட்டம் விடுதலுமாக ஒரு சிற்றரசையே அங்கு அவர் அமைத்துக்கொண்டார். 1887-இல் அவர் மறைந்தபின் அந்தப் பகுதி மெல்ல மெல்லத் தையற்காரர்களும் துறைமுகத் தொழிலாளரும் வாழும் எளிய மக்களின் இருப்பிடமாயிற்று. அங்கே 1904-இல், நடுத்தரத்திற்கும் சற்றுக் கீழ்ப்பட்ட ஒரு குடும்பத்தில் சலீம் பிறந்தார். மருந்து கலக்கும் தொழிலைப் பயின்றவர் என்று அவரைப்பற்றிச் சொல்லுவர். ஆனால் அவர் மனம் மருந்துக் குப்பிகளில் நிற்கவில்லை.

அவர் ஏழு வயதுச் சிறுவனாக இருந்தபோது கல்கத்தாவில் ஒரு பெரு நிகழ்ச்சி நடந்தது. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், மோகன் பகான் என்னும் வங்காளிகளின் கழகம் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்றது. வென்ற பதினொருவரில் பதின்மர் வெறுங்காலர். ஒருவர் மட்டுமே பூட்ஸ் அணிந்தவர். எதிரே நின்றவர்களோ கனத்த தோல் பூட்ஸ் அணிந்த படைவீரர்கள். அந்தக் காலத்துப் பூட்ஸ் என்பது இன்று நீங்கள் காணும் மெல்லிய காலணி அன்று. கணுக்காலை மூடும் உயரமும், அடியில் ஆணியடித்த தோல் குமிழ்களும், மழையில் நனைந்தால் இருமடங்கு ஏறும் கனமும் உடையது. அதனால் ஒரு மிதி பட்டால் வெறுங்கால் என்ன பாடுபடும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மண்ணை ஆண்டவனைப் பந்தால் வென்றுவிட்டோம் என்று ஊரே கொண்டாடியது. அக்கொண்டாட்டத்தைக் கண்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் சலீம்.

வெறுங்காலாட்டத்தைப்பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லுதல் தகும். அதனை வறுமையின் அடையாளமாக மட்டும் கருதுவது முழு உண்மையாகாது. வறுமை தொடக்கக் காரணமாக இருக்கலாம். ஆயினும் நாளடைவில் அது ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. பூட்ஸ் அணிந்தவனுக்குப் பந்து காலின் ஒரே பரப்பில்தான் தட்டுப்படும். வெறுங்காலனுக்குப் பெருவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஒன்று, உள்வளைவு ஒன்று, குதிகால் ஒன்று என ஒவ்வோர் இடமும் ஒரு கருவி. வீணை வாசிப்பவர் கையுறை அணிந்து வாசிப்பதில்லை அன்றோ! காய்ந்த தரையில் வெறுங்கால் வீரனைப் பிடிப்பது அரிது. ஆனால் மழை பெய்துவிட்டால் கதை மாறிவிடும். வழுக்கும் சேற்றில் பிடிமானம் பூட்ஸுக்கே உண்டு. கல்கத்தாவின் லீக் ஆட்டங்களோ மழைக்காலத்தில் நடப்பவை. 1898-இல் தொடங்கிய அந்த லீக்கின் கோப்பையை முப்பத்தைந்து ஆண்டுக்காலம் எந்த இந்தியக் கழகமும் வெல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அந்த வரலாற்றை மாற்றியது 1891-இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம். பெங்களூர் முதலிய தொலைவான ஊர்களிலிருந்தும் அது சிறந்த ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்தது. ஈரத் திடலில் பூட்ஸ் அணிந்து ஆடும் வழக்கத்தையும் மேற்கொண்டது. 1934-இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் என்னும் பெருமை அதற்குக் கிட்டியது. அத்துடன் நிற்காமல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அந்தக் கோப்பை அதன் வசமே இருந்தது. அந்த அணியின் ஓர ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர் நம் சலீம். அவர் நேரே அங்கு வந்தவரல்லர். 1926-இல் பவ்பஜாரைச் சேர்ந்த சித்தரஞ்சன் கழகத்தில் தொடங்கி, ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் எனப் பல கழகங்களின் சட்டையை அணிந்து, முப்பதாம் வயதில் இங்கு வந்து சேர்ந்தவர். ஓர ஆட்டக்காரனுக்கு முப்பது என்பது இளமை அன்று. இந்த வயதுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

1936-இல் சீனாவின் ஒலிம்பிக் அணி இந்தியாவுக்கு வந்தது. பெர்லின் நகர ஒலிம்பிக்குக்குச் செல்லும் வழிச்செலவைத் தாமே ஈட்டிக்கொள்ளும் பொருட்டு, அவ்வணியினர் தென்கிழக்காசிய நாடுகள் வழியாக ஊர் ஊராக ஆடி, நுழைவுச்சீட்டுப் பணத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தனர். லீ வாய் தாங் என்னும் பெரும்புகழ் வீரர் அவர்களோடு இருந்தார். ஓர் ஏழை நாடு உலக அரங்குக்குச் செல்ல எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதற்கு இதுவொரு சான்று. கல்கத்தாவில் அவர்களோடு இரண்டு ஆட்டங்கள் ஏற்பாடாயின. முதல் ஆட்டத்தில் சலீமின் ஆட்டம் அனைவரையும் கவர்ந்தது. இரண்டாவது ஆட்டத்திற்குச் சலீமை அழைத்தால், ஆள் இல்லை! எங்கே போனார்?

கப்பலேறிவிட்டார். ஹாஷிம் என்னும் உறவினர் ஒருவர், பிரிட்டனில் வாழ்ந்தவர், அவ்வேளை கல்கத்தாவுக்கு வந்திருந்தார். அவர் சலீமின் ஆட்டத்தைக் கண்டு, "இந்தத் திறமை ஐரோப்பாவில் காட்டப்பட வேண்டியது" என்று வற்புறுத்தினார் என்பது குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இருவரும் கெய்ரோவில் சில நாள் தங்கி, லண்டனைச் சேர்ந்து, அங்கிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை அடைந்தனர்.

ஏன் லண்டனை விட்டுக் கிளாஸ்கோ? இதற்கு அந்நகரைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். அக்காலத்துக் கிளாஸ்கோ கப்பல் கட்டும் நகரம். எஃகும் நிலக்கரிப் புகையும் நிறைந்த நகரம். வாரம் ஆறு நாள் உழைக்கும் தொழிலாளிக்குச் சனிக்கிழமைப் பிற்பகலின் பந்தாட்டமே திருவிழா. நம் ஊரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று தேர்வீதிகளில் எவ்வளவு கூட்டம் என்பதை நீங்கள் அறிவீர்கள். 1937 ஏப்ரலில் அந்நகரின் ஹாம்ப்டன் திடலில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடியதைக் காண 1,49,000-க்கும் மேற்பட்டோர் கூடினர். அத்தகைய ஊர் அது. மேலும், கீழை நாட்டவர் ஒருவர் அங்குப் பந்தாடுவது முற்றிலும் புதிதும் அன்று. எகிப்தின் முகமது லத்தீஃப் 1935-இல் அந்நகரின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் ஆடியிருந்தார். இன்னும் பின்னோக்கிச் சென்றால், தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த ஆண்ட்ரூ வாட்சன் என்னும் கறுப்பின வீரர் 1881-லேயே ஸ்காட்லாந்து நாட்டணிக்குத் தலைமை தாங்கி இங்கிலாந்தை 6-1 என வென்றிருக்கிறார்.

சலீமும் ஹாஷிமும் சென்று நின்ற வாயில் செல்டிக் கழகத்தினுடையது. அக்கழகம் தோன்றிய வரலாறு கேட்கத் தக்கது. அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் குடியேறிய ஏழைகளின் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பணம் வேண்டும் என்று, வால்ஃபிரிட் என்னும் துறவி 1887-இல் அதனை நிறுவினார். அடுத்த ஆண்டில் அது முதல் ஆட்டத்தை ஆடியது. பசித்தவர்க்குச் சோறிடப் பிறந்த கழகம் அரை நூற்றாண்டுக்குள் பேரணியாக வளர்ந்திருந்தது. 1935-36 பருவத்தில், பத்தாண்டு இடைவெளிக்குப்பின் அது ஸ்காட்லாந்தின் லீக் கோப்பையை வென்றது. அதன் நடு முன்னணி வீரர் ஜிம்மி மெக்ரோரி அந்த ஒரு பருவத்தில் மட்டும் லீக் ஆட்டங்களில் 50 கோல் அடித்தார். அதாவது, சலீம் வந்தது நாட்டின் முதல்நிலை அணியின் வாயிலுக்கு.

கழகத்தின் மேலாளர் வில்லி மேலி, அப்போது அறுபத்தெட்டு வயதினர். 1897 முதல் அப்பொறுப்பில் இருப்பவர். கண்டிப்புக்குப் பெயர் போனவர். இந்தியாவிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரர் வந்திருக்கிறார், அவரைச் சோதித்துப் பாருங்கள், ஆனால் அவர் வெறுங்காலோடுதான் ஆடுவார் என்று ஹாஷிம் கூறியபோது மேலி சிரித்துவிட்டாராம். சிரித்தாரேயன்றி மறுக்கவில்லை. இதுதான் அம்மனிதரின் பெருமை என்று நான் கருதுகிறேன். முன்பின் அறியாத, ஆளப்படும் நாட்டிலிருந்து வந்த, காலணியில்லாத ஒருவரை வாயிலிலேயே திருப்பி அனுப்புவதற்கு அவருக்கு ஆயிரம் காரணங்கள் இருந்தன.

சோதனை நடந்தது. சலீம் தேறினார். அவர் கால்களுக்குத் துணிக்கட்டு இடுபவர் யாரென்று பாருங்கள்: ஜிம்மி மெக்மெனமி! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்டிக்கின் முன்னணியை நடத்தியவர். 'நெப்போலியன்' என்று மக்கள் பட்டம் சூட்டிய மாவீரர். அக்காலத்தில் அணியின் பயிற்சியாளர். அவர் குனிந்து சலீமின் பாதங்களுக்குக் கட்டுப் போடுகின்ற புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஆளும் இனத்தைச் சேர்ந்த, நாடறிந்த ஒருவர் ஓர் இந்தியரின் காலடியில் குனிந்திருக்கிறார். 1936-இல் இந்தியாவில் எந்தத் திடலிலாவது இப்படியொரு காட்சியைக் கண்டிருக்க முடியுமா? படத்தை எடுத்தவர் வேடிக்கைக்காகத்தான் எடுத்திருப்பார். நமக்கோ அது ஒரு வரலாற்று ஆவணம்.

சலீம் செல்டிக்கின் பச்சை வெள்ளைப் பட்டைச் சட்டையோடு ஆடியவை இரண்டு ஆட்டங்கள். ஹாமில்டன் அகடமிக்கல் அணியை 5-1 எனவும், கால்ஸ்டன் அணியை 7-1 எனவும் செல்டிக் வென்றது. கால்ஸ்டனுடனான ஆட்டம் ஆகஸ்டு 28-ஆம் நாள் செல்டிக்கின் சொந்தத் திடலில் நடந்தது. மறுநாள் நாளிதழ் ஒன்று அவர் ஆட்டத்தை வருணித்திருந்த விதம் சுவையானது. பந்தைப் பெருவிரலில் நிறுத்தி, அங்கிருந்து ஒவ்வொரு விரலாக உருட்டிச் சுண்டுவிரலுக்குக் கொண்டுவந்து, ஒற்றைக்காலில் காவலனைச் சுற்றிக் குதித்து, நடுவில் நிற்பவனுக்குத் தட்டிவிடுகிறார்; அவன் செய்ய வேண்டியதெல்லாம் கோலுக்குள் அனுப்புவது மட்டுமே என்பது அதன் கருத்து. நான் முன்னே சொன்ன ஓர ஆட்டக்காரனின் கடமையை இதைவிடத் தெளிவாக எவரும் எழுதிவிட முடியாது. ஓர் ஆட்டத்தில் பெனால்டி உதை ஒன்றையும் அவரிடமே விட்டனர், கோல் ஆயிற்று.

அதே மாதம் 15-ஆம் நாள், பெர்லினில் தியான் சந்த் தலைமையில் நம் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் பெற்றிருந்தது. இரு வாரத்துக்குள் இரண்டு ஐரோப்பிய நகரங்களில் இந்தியக் கைகளும் இந்தியக் கால்களும் பேசப்பட்டன.

இனி, கடினமான கேள்விக்கு வருவோம். இவ்வளவு வரவேற்பைப் பெற்றவர், ஒரு பருவம்கூட முழுமையாகத் தங்காமல், சில மாதங்களில் ஏன் திரும்பினார்? ஊர் ஏக்கம் என்பதே குடும்பத்தார் கூறும் விடை. அதை நான் மறுக்கவில்லை. மேட்டியாபுரூஸின் சந்துகளில் வளர்ந்தவருக்குக் கிளாஸ்கோவின் மூடுபனியும், மொழியும், உணவும் எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும்! ஆயினும் வரலாறு பயில்வோர் ஒரே காரணத்தோடு நின்றுவிடலாகாது.

முதலாவது, வயது. 1936-இல் அவருக்கு முப்பத்திரண்டு. இரண்டாவது, அவர் ஆடிய ஆட்டங்களின் தரம். அவை 'அலையன்ஸ்' எனப்படும் இரண்டாம் அணிகளின் போட்டியைச் சார்ந்தவை. முதல் அணியின் ஆட்டங்கள் அல்ல. இதை மறைத்துப் பெருமை பேசுவோர் உண்டு. மறைக்க வேண்டிய தேவையே இல்லை. முதல் அணியின் ஓரத்தில் அப்போது ஜிம்மி டெலானி என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர், ஸ்காட்லாந்தின் மிகச்சிறந்த ஓர ஆட்டக்காரர்களுள் ஒருவர், வேரூன்றியிருந்தார். மூன்றாவது, பருவகாலம். ஆகஸ்டு மாதம் அங்கே வேனில், தரை உலர்ந்திருக்கும். நவம்பர் பிறந்தால் சேறு, திசம்பரில் உறைபனி. அந்த மண்ணில் வெறுங்காலை வைத்தால் விரலின் நுண்மை எங்கே நிற்கும்? பூட்ஸ் அணிந்தால் சலீம் மற்றவர்களைப் போன்ற ஓர் ஆட்டக்காரர். அணியாவிட்டால் ஆடவே இயலாது. இந்த முட்டுச்சந்தை அவரும் உணர்ந்திருப்பார் என்பது என் ஊகம்.

நான்காவது காரணம் இவற்றினும் பெரிது. பிரிட்டனில் பந்தாட்டம் ஒரு தொழில். ஆட்டக்காரனுக்குக் கூலி கொடுப்பதை இங்கிலாந்து 1885-லும், ஸ்காட்லாந்து 1893-லும் சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டன. சலீமின் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு வீரனின் வார ஊதியத்துக்கு எட்டுப் பவுன் உச்சவரம்பாக இருந்தது. கொல்லன், தச்சன்போல அவனும் ஒரு தொழிலாளி. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, நல்ல நாளிலும் நோயிலும் கழகத்துக்குக் கட்டுப்பட்டவன். இந்தியாவிலோ ஆட்டம் தொழிலாகவில்லை. ஆட்டக்காரனுக்கு வேண்டியது ஓர் அலுவலகத்தில் வேலை; ஆட்டம் அவனுடைய மானமும் மகிழ்ச்சியும். கழகம் என்பது அவனுக்கு முதலாளி அன்று. தன் தெரு, தன் மக்கள். கல்கத்தாவில் சலீம் திடலில் இறங்கினால் ஒரு சமுதாயமே எழுந்து நின்றது. கிளாஸ்கோவில் அவர் ஓர் அதிசயம். கல்கத்தாவில் அவர் ஒரு தேவை. அதிசயமாக இருப்பதில் எத்தனை நாள் மனநிறைவு கிட்டும்?

அவரை விட மனமில்லாத கழகத்தார், அவர் பொருட்டு ஒரு நிதி ஆட்டம் நடத்தி, நுழைவுப் பணத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு தருவதாகக் கூறினர் என்றும், அவர் அதனை ஆட்டம் காண வந்த அனாதைக் குழந்தைகளுக்கே கொடுத்துவிடுமாறு வேண்டினார் என்றும் சொல்லப்படுகிறது. அவர் பண்புக்கும், ஏழைக் குழந்தைகளுக்காகவே பிறந்த அக்கழகத்தின் மரபுக்கும் இக்கதை மிகப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு 1,800 பவுன் என்று எழுதியிருப்பதைப் படித்தபோது, கணக்கும் கற்பித்த ஆசிரியனாகிய எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஐந்து பங்கு 1,800 என்றால் மொத்தம் 36,000 பவுன். அக்காலத்து நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங் அளவில் இருந்தது. இருபது ஷில்லிங் ஒரு பவுன். ஆகவே அந்த ஓர் ஆட்டத்தைக் காண 7,20,000 பேர் வந்திருக்க வேண்டும்! ஹாம்ப்டன் திடலே அன்று ஒன்றரை லட்சம் பேரைத்தான் கொண்டது. கொடை மனம் மெய்யாகவே இருந்திருக்கலாம். தொகை வாய்க்கு வாய் வளர்ந்திருக்கிறது. மாணவர்களே, நல்ல கதையைக் கேட்கும்போதும் பக்கத்தில் ஒரு சிலேட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியிலிருந்து அவருக்கு ஒப்பந்த அழைப்பு வந்தது, அதையும் அவர் ஏற்கவில்லை என்பதும் இவ்வாறு வழங்கிவரும் செய்திகளுள் ஒன்று. அந்த இரண்டு ஆட்டங்களும், அந்தப் புகைப்படமும், நாளிதழ்க் குறிப்பும் ஐயத்துக்கு இடமில்லாதவை.

சலீம் வெல்ல முடியாமற்போன அந்த இடத்தில் இருந்த டெலானியின் வாழ்வை ஒப்பிட்டுப் பார்த்தால், தொழில்முறை ஆட்டக்காரன் என்றால் என்ன என்பது விளங்கும். அவர் செல்டிக்குடன் 1937-இல் ஸ்காட்லாந்துக் கோப்பையை வென்றார். மான்செஸ்டர் யுனைடெட் அணியுடன் 1948-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றார், வட அயர்லாந்தின் டெரி சிட்டியுடன் 1954-இல் ஐரிஷ் கோப்பையையும் வென்றார். 1956-இல் அயர்லாந்துக் குடியரசின் கோப்பைக்கும் இறுதியாட்டம் வரை சென்று தோற்றார். அப்போது அவர் நாற்பதைக் கடந்தவர். பணி அழைத்த இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்ற வாழ்வு அது. சலீமும் அவரும் ஒரே மாதத்தில் ஒரே கழகத்தில் இருந்தனர். கால்களின் திறமை ஒருபுறமிருக்க, பிறந்த நாட்டில் அந்தத் திறமைக்கு என்ன வாழ்க்கை காத்திருக்கிறது என்பதே அவர்கள் வழிகளைப் பிரித்தது.

சலீம் கல்கத்தாவுக்குத் திரும்பி மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங்கின் சட்டையை அணிந்தார். அவருக்குப் பின்னும் வெறுங்கால் சில காலம் வாழ்ந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில், விடுதலை பெற்ற இந்தியாவின் அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடினர்; இரண்டு பெனால்டி உதைகளை வீணாக்கி 2-1 எனத் தோற்றனர். 1952-இல் ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றபின், பூட்ஸ் கட்டாயமாயிற்று. சலீம் எதிர்கொள்ளாமல் திரும்பிய வடநாட்டுக் குளிரை, பதினாறு ஆண்டு கழித்து ஒரு முழு அணி எதிர்கொண்டது.

பூட்ஸ் வந்தது, தொழில் வரவில்லை. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தென் கொரியாவை வென்று தங்கம் பெற்ற அணியின் ஓர ஆட்டக்காரர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பி. கே. பானர்ஜி, ரயில்வே ஊழியர். மற்றொருவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பிறந்த ஆண்டு, சலீம் கப்பலேறிய அதே 1936! 1957-இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு வந்தார். மெல்போர்ன், ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளில் ஆடினார். 1960-இல் ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். மார்பு நோயினால் இருபத்தேழாவது வயதை ஒட்டி ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது. வேறொரு நாட்டில் பிறந்திருந்தால் எத்தனை கழகங்கள் அவரைத் தேடி வந்திருக்கும்! 2023 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது நம் தமிழ்நாட்டில் அதைப்பற்றிப் பேசியவர் சிலரே என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கடல் கடந்து வாழ்ந்த தமிழர்க்கு அந்த வழி சற்று முன்னரே திறந்தது. சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி 1980-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்திலும், மலேசியாவின் கெடா அணியிலும் ஆடினார். இந்தியாவிலிருந்து பைச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது 1999-இல். சலீம் கிளாஸ்கோவில் கால் வைத்து அறுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

சலீம் 1980-இல் காலமானார். அதற்குமுன், தந்தை நோயுற்றிருக்கிறார், மருத்துவத்துக்குப் பணம் வேண்டும் என்று அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் பெறுவது அவர் நோக்கமன்று. தந்தையின் பெயர் அங்கு இன்னும் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று அறியவே அவ்வாறு எழுதினாராம். நாற்பதாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. ஆடியவை இரண்டே ஆட்டங்கள். சில நாட்களில் கிளாஸ்கோவிலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே நூறு பவுனுக்கு ஒரு வங்கிக் காசோலை இருந்தது. மகன் அதனைப் பணமாக்கவில்லை. அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்.